படிப்படியாக விடுபட்ட பழக்கம்



"நாளை முதல் குடிக்கமாட்டேன்" எனச் சத்தியம் செய்வோர் பலர், நிலைப்போர் சிலரே. மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரை, உழைத்த கூலி வீடு சேருமுன் கடையில் கரைவதைக் காண்கிறோம். சத்தியம் ஏன் தோற்கிறது? மதீனாவின் வரலாறு விடை தருகிறது.

அரபியரின் விருந்திலும் வணிகத்திலும் மது ஊறியிருந்தது. அதன் பயனைவிடப் பாவமே பெரிது என்று அல்பகறா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் முதலில் உணர்த்தியது. அடுத்து, போதையுடன் தொழுகையை நெருங்குவதை அன்னிஸாவின் 43ஆம் வசனம் தடுத்தது. ஐவேளைத் தொழுகையால் குடிக்கும் நேரம் தானே சுருங்கியது. இறுதியில் அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் முற்றாகத் தடை செய்தன. அப்போது அபூதல்ஹா (ரலி) இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி), அறிவிப்பைக் கேட்டதும் அதைக் கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

தடையே முதலில் இறங்கியிருந்தால் மக்கள் மறுத்திருப்பர் என்ற கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. சுவனம், நரகம் பற்றிய வசனங்களே உள்ளங்களை முதலில் பண்படுத்தின.

நம் மாநிலத்தில் 1937இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1948இல் அது மாகாணம் முழுதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. அமெரிக்காவிலோ 1920இல் வந்த தடை 1933இல் நீங்கியது. சட்டம் தேவையே; உள்ளம் பண்படாத இடத்தில் அது தனித்து நிற்பதில்லை.

லண்டனில் 96 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்று, அன்றாடம் ஒரே வேளையோடு இணைத்த நற்செயல் பழக்கமாக வேரூன்றச் சராசரியாக 66 நாட்கள் ஆவதாகக் கண்டது. ஒரு நாள் தவறியதால் முயற்சி குலைந்துவிடவில்லை. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையன்றோ!

சகோதரர்களே! தடை முழுமையாகிவிட்டது, ஆகவே சிறிது சிறிதாகக் குடிக்க எவருக்கும் அனுமதியில்லை. எனினும் நல்லதைப் படிப்படியாக வளர்க்கலாம். கால்கள் கடையை நோக்கும் அந்தி வேளையில், மஃக்ரிப் முதல் இஷா வரை பள்ளியில் அமருங்கள். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஜமாஅத்தின் கடமை. தவறியவரை ஏசாதீர்கள், தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நிலையான நற்பழக்கங்களைத் தந்தருள்வானாக! ஆமீன்.