சாப்பா: மட்டாஞ்சேரியின் உலோக வில்லையும் திரை விமர்சனத்தின் முத்திரையும்

சென்ற மாதம், மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருக்கும் வீட்டின் முன்னறையில், மொழியியலும் வரலாறும் பயிலும் மாணவர் சிலரோடு ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தேன். படம் முடிந்ததும் தமிழகத்திலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், "அக்கா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கையில், "என்னைக் கேட்டால் இரண்டரை, படம் மிக மெதுவாக நகர்கிறது" என்று அவரே விடையும் கூறிவிட்டார். 2023 மார்ச் மாதத்தில் அப்படம் வெளியானபோதும் அதன் மீது வைக்கப்பட்ட முதன்மையான குறை அதுவே. அன்று என்னிடம் ஒழுங்கான மறுமொழி இல்லை. அதனைத் தேடும் முயற்சியே இப்பதிவு.

படத்தின் நடுவில் ஒரு சொல் நிற்கிறது. மலையாளத்தில் 'சாப்ப', தமிழில் 'சாப்பா'. முத்திரை, அச்சு என்னும் பொருளில் இச்சொல் தமிழிலும் வழங்கியதுண்டு. இந்தி, உருது மொழிகளின் 'சாப்' என்பதே இதன் மூலம். அச்சொல் கடல்வழி வணிகத்தோடு நெடுந்தொலைவு பயணம் செய்தது. மலாய் மொழியில் முத்திரையைக் குறித்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீன வணிக நிறுவனங்களின் பெயர்களுக்கு முன்னொட்டாயிற்று. கிழக்கிந்திய வணிகத்தின் ஆங்கிலத்தில் 'சாப்' ஆகி, 'ஃபர்ஸ்ட் சாப்' என்றால் முதல்தரச் சரக்கு என்று பொருள்படலாயிற்று. சரக்கின் மேல் குத்தப்பட்ட அடையாளம், காலப்போக்கில் சரக்கின் தரத்தையே குறிக்கும் சொல்லாயிற்று. இன்றைய மலையாளத்தில் 'சாப்ப குத்துக' என்றால் ஒருவரை இன்னார் என்று அடையாளமிட்டு ஒதுக்குவது. தமிழில் நாம் 'முத்திரை குத்துதல்' என்கிறோம்.

கொச்சித் துறைமுகத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. அதனை விளங்கிக்கொள்ளத் துறைமுகத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர வேண்டும்.

1920இல் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தார். காயலின் முகத்தை அடைத்திருந்த மணல்திட்டு வெட்டி அகற்றப்பட்டு, 1928 மே மாதத்தில் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்திற்குள் நுழைந்தது. தூர்வாரிய மண்ணைக் கொண்டே வெலிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பொறியியல் வரலாற்று நூல்கள் இச்செய்திகளை மிக விரிவாகவே பதிவு செய்துள்ளன. அக்கப்பல்களில் சரக்கை ஏற்றியும் இறக்கியும் வந்த மனிதர்களைப் பற்றி அவை அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

கப்பல் வரும் நாள் உறுதியற்றது. ஒரு வாரம் நான்கு கப்பல்கள் நிற்கும். மறுவாரம் துறை வெறிச்சோடிக் கிடக்கும். கப்பல் வந்த அன்று ஆள் தட்டுப்படக் கூடாது. வராத அன்று ஒருவருக்கும் கூலி தரக் கூடாது என்பதே ஸ்டீவடோர்கள் எனப்பட்ட சரக்கேற்று ஒப்பந்தக்காரர்களின் கணக்கு. ஆகவே தேவைக்கு மேற்பட்ட தொழிலாளர்களை எப்போதும் காத்திருக்க வைப்பது அவர்களுக்கு ஆதாயம். காலையில் கூட்டம் திரளும். மூப்பன் வருவான். அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளைக் கூட்டத்திற்குள் வீசி எறிவான். பாய்ந்து, பிடித்து, ஒருவரையொருவர் மிதித்து, வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அந்த வில்லையே சாப்பா.

'மூப்பன்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மூப்பு, மூத்தோர் என்னும் சொற்களோடு பிறந்தது அது. ஊரிலும் குலத்திலும் மரியாதைக்குரியவரைக் குறித்தது. துறைமுகத்தில் அது ஆள்பிடிக்கும் மேலாளின் பதவிப் பெயராயிற்று. இலங்கை மலையகத்திற்குத் தமிழர்களை அழைத்துச் சென்றவர்களைக் 'கங்காணி' என்றோம். கண்காணிப்பவர் என்னும் பொருள் கொண்ட சொல் அது. அங்கும் ஒரு முத்திரைப் பொருள் இருந்தது. தொழிலாளியின் கடன் தீர்க்கப்பட்டால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கொச்சியில் வில்லை, மலையகத்தில் சீட்டு. இரண்டிடத்திலும் உழைப்பவரின் வாழ்வு அவர் கையில் அடங்கும் ஒரு சிறு பொருளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனைத் தருபவருக்கு உறவுமுறையோ மேற்பார்வையோ தொனிக்கும் ஒரு பெயர் இருந்தது.

1953 செப்டம்பர் 15 அன்று, சாப்பா முறையை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மீது மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. சையது, சையதலவி, ஆண்டனி ஆகிய மூவரை அப்போராட்டத்தின் தியாகிகளாக இவ்வூர் இன்றும் நினைவுகூர்கிறது. அன்றைய நிர்வாக எல்லைகள் ஆய்வு மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை. மட்டாஞ்சேரி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, முதலமைச்சர் ஏ. ஜே. ஜான். நடந்து சென்றால் சில நிமிடத் தொலைவிலுள்ள ஃபோர்ட் கொச்சியோ சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் முதலமைச்சர் ராஜாஜி. துறைமுகம் நடுவண் அரசின் ஆளுகையில் இருந்தது. ஒரே தொழிலாளி மூன்று அரசுகளின் எல்லைக்குள் ஒரே நாளில் நடமாடினான். எனவே இதனைக் கேரளத்தின் உள்ளூர் வரலாறு என்று மட்டும் கொண்டு தமிழ் ஆய்வுலகம் ஒதுங்கிவிட இயலாது.

துப்பாக்கிச்சூட்டோடு சாப்பா ஒழிந்துவிடவில்லை. துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் நடுவண் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டிருந்தும், கொச்சிக்குரிய திட்டம் 1959இல்தான் வந்தது. சாப்பா முறை முற்றிலும் மறைந்தது 1962இல். சட்டம் புத்தகத்தில் ஏறியதற்கும் மட்டாஞ்சேரித் தொழிலாளி குனிந்து பொறுக்குவதை நிறுத்தியதற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன.

அது நாடகமானது 1968இல். எழுதியவர் கே. எம். சிதம்பரன். அவருடைய மகன் கோபன் சிதம்பரன் அந்நாடகத்தைத் தழுவித் திரைக்கதை அமைக்க, ராஜீவ் ரவி படமாக்கினார். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவுக்குத் தேர்வான படம், பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 2023 மார்ச் 10 அன்று திரையரங்குகளை அடைந்தது. நிகழ்வு நடந்து எழுபது ஆண்டுகள் கழிந்தபின் வந்த படத்தின் மீது, முதல் காட்சி முடிந்த சில மணி நேரத்திற்குள் தீர்ப்புகள் எழுதப்பட்டன.

படம் மெதுவானதுதான், மூன்று மணி நேரத்திற்குச் சற்றே குறைவு. ஆனால் அந்த மெதுவின் இயல்பு என்ன? மைமு என்னும் தந்தையின் காலத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் தொடக்கப் பகுதியில், கூட்டம் காத்திருக்கிறது. வில்லை வீசப்படும் கணம் சடுதியில் முடிந்துவிடுகிறது, காத்திருப்பு முடிவதில்லை. பிள்ளைகளின் காலத்திலும் அதே காத்திருப்பு நீள்கிறது. தொழிலாளியின் நேரத்திற்கு விலையில்லை என்பதுதான் சாப்பா முறையின் அடிப்படை. அந்த விலையற்ற நேரத்தைப் பார்வையாளரின் உடலில் உணர்த்த ஒரு படம் முனையும்போது, நாம் நம்முடைய நேரம் வீணாயிற்று என்று முறையிடுகிறோம். அம்முறையீடு தவறன்று, அது எங்கிருந்து எழுகிறது என்பதை விமர்சனம் கேட்டிருக்க வேண்டும்.

படத்தில் குறைகள் இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒப்பந்தக்காரர் பக்கம் சாயும் அண்ணன் மொய்துவின் மனமாற்றங்களுக்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை. அடியாள்களின் கொடுமை திரையை நிறைக்கும் அளவுக்கு, அவர்களை ஏவிய கப்பல் நிறுவனங்களும் வணிகர்களும் காட்சிக்குள் வருவதில்லை. வரலாற்றில் ஒரு பொருளாதார ஏற்பாடாக இருந்தது, திரையில் சில தீயவர்களின் குணமாகச் சுருங்கிவிடுகிறது. பூர்ணிமா இந்திரஜித் ஏற்ற தாயின் முகம் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்த பெண்களின் உழைப்பு போராட்டக் கதையின் ஓரத்திலேயே தங்கிவிடுகிறது. இவை கடுமையான குறைகள் என்றே கருதுகிறேன். 'மெதுவான படம், இரண்டரை நட்சத்திரம்' என்னும் தீர்ப்பில் இவற்றுள் எதுவும் அடங்காது.

ஓர் ஒப்புமை உதவக்கூடும். மட்டாஞ்சேரித் துப்பாக்கிச்சூட்டுக்கு அடுத்த ஆண்டு, 1954இல், எலியா கசானின் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' வெளிவந்தது. நியூயார்க்கு வட்டாரத் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய அப்படத்திலும் வேலைக்கான வில்லைகள் கூட்டத்திற்குள் வீசப்படுகின்றன. மனிதர்கள் விழுந்து புரண்டு பொறுக்குகிறார்கள். இரு கரைகளையும் இணைத்தது ஒருவரையொருவர் பார்த்துப் படியெடுத்தல் அன்று. ஒரே தொழில் ஏற்பாடு ஒரே காட்சியை இரண்டு இடங்களிலும் பெற்றெடுத்தது. எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற அப்படத்தைப் பற்றி 1955இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழில் லிண்ட்சே ஆண்டர்சன் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது இறுதிக் காட்சியை மட்டுமே. தாமாக முடிவெடுக்க இயலாத திரளாகத் தொழிலாளரைக் காட்டியது ஏன் என்று கேட்டார். விருதுகளின் பட்டியல் இருக்கட்டும். அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அந்தக் கேள்விக்கு விடையளித்தாக வேண்டியிருக்கிறது. அவருடைய முடிவை ஏற்காதவர்களுக்கும் அது பயன்பட்டது.

தமிழிலும் இதற்கு வாய்ப்பு இருந்தது. பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) நாவலைத் தழுவி பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வந்தபோது, கங்காணி முறையைப் பற்றிய விரிவான உரையாடலைத் தொடங்கியிருக்கலாம். நடிப்பு, ஒளிப்பதிவு, இயக்குநரின் வழக்கமான இருண்மை ஆகியவை பற்றியே பெரும்பாலும் பேசி நிறுத்திக்கொண்டோம்.

இப்போது விமர்சனமே வழக்குமன்றம் ஏறியிருக்கிறது. 2023 அக்டோபரில் கொச்சிக் காவல்துறை, எதிர்மறை விமர்சனங்களைத் திட்டமிட்டுப் பரப்பியதாக இணைய விமர்சகர்கள் மீது வழக்குப் பதிந்தது. 2024 மார்ச்சில், கேரள உயர் நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், படம் வெளியாகி 48 மணி நேரம் வரை இணைய விமர்சகர்கள் விமர்சனங்களைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைத்தார். தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களும் இத்தகைய தடையை நாடினர். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அம்மறுப்பு சரியானது என்பதே என் கருத்து. பணம் பெற்றுக்கொண்டு இழிவுபடுத்துவது குற்றமெனில் அதற்குச் சட்டம் உண்டு. கருத்துரைக்கும் உரிமைக்குக் கடிகாரம் பூட்டுவது அதற்கு மருந்தாகாது. தவிரவும், 48 மணி நேரம் பொறுத்த பிறகும் அதே முத்திரையைத்தான் குத்துவோமெனில் பொறுத்ததன் பயன் என்ன?

இணைய விமர்சகர்களை மட்டும் பழித்துக்கொண்டிருக்கவும் நான் விரும்பவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் பதிவேற்றினால்தான் பார்வைகள் கிட்டும். பார்வைகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பது அவர்கள் கையில் இல்லை. யாரோ வீசுகிறார்கள், இவர்கள் பாய்கிறார்கள். 1953இன் பசியோடு இதனைச் சமப்படுத்துவது அந்த மூவருக்கும் இழைக்கும் அநீதி. ஆயினும், தேவைக்கு மேற்பட்டோரைக் காத்திருக்க வைத்து விரைந்தவனுக்கு மட்டும் கூலி தரும் ஏற்பாடு என்ற அளவில் ஒற்றுமை இருக்கிறது. அவசரம் அவர்களுடைய குணக்கேடு அன்று. அவர்கள் தொழில் அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய நெருக்கடி ஏதுமில்லாத கல்விப்புலத்தினராகிய நாமும் ஏன் நட்சத்திரங்களில் பேசுகிறோம் என்பதே என் கவலை.

இன்று மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் பல காப்பிக்கடைகளாகவும் கலைக்கூடங்களாகவும் மாறிவிட்டன. 2011இல் வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையம் தொடங்கியபின், தலைச்சுமையாகச் சரக்கிறக்கும் காட்சி இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுள் பலர் சாப்பாவை முதன்முதலில் கண்டது இப்படத்தில்தான். 'சாப்ப குத்துக' என்று நாள்தோறும் பேசும் தலைமுறைக்கு, அச்சொல் ஒருகாலத்தில் தம் பாட்டனார் மண்ணில் விழுந்து பொறுக்கிய பொருளின் பெயர் என்பது தெரிய வாய்ப்பில்லாமல் போயிருக்கக்கூடும்.

அந்த மாணவருக்கு இப்போது மறுமொழி சொல்வதாயின், எண்ணிக்கை எதுவும் சொல்ல மாட்டேன். வில்லையை வீசியவனுக்குப் பணம் தந்தவர் யார், அவரைப் படம் காட்டுகிறதா என்று அவரோடு சேர்ந்து தேடிப் பார்ப்பேன். தங்கள் குடும்பத்தில் கொச்சி, தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை, கொழும்புத் துறைகளில் சரக்கிறக்கிய முன்னோர் உள்ள நண்பர்கள், அங்கு வேலை பங்கிடப்பட்ட முறையையும் அதற்கு வழங்கிய சொற்களையும் பின்னூட்டத்தில் பதிய வேண்டுகிறேன். பிழைகளைச் சுட்டினால் நன்றியோடு திருத்திக்கொள்வேன்.