கேருபீன்கள்: இரட்டைப் பன்மையின் வரலாறு

எபிரேய இலக்கணத்தின் முதற்பாடங்களைக் கற்று முடித்த இறையியல் மாணவர் சிலர், நமது பழைய தமிழ் வேதாகமத்தில் 'கேருபீன்கள்' என்னும் சொல்லைக் கண்டு நகைப்பதுண்டு. எபிரேயத்தில் 'கேரூப்' ஒருமை, 'கேருபீம்' பன்மை. 'ஈம்' என்னும் அவ்விகுதி அரமேயத்தில் 'ஈன்' ஆகும். ஈறே பன்மையைக் காட்டும்போது அதன்மேல் 'கள்' எதற்கு என்பது அவர்தம் வினா.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம், ஆதியாகமம் 3:24இல் 'செரூபிம்ஸ்' என்றும், ஏசாயா 6:2இல் 'செரஃபிம்ஸ்' என்றும் எழுதிற்று. இதனை அறியாமை எனல் தகாது. யாத்திராகமம் 25:19இல் ஒருமைக்குச் 'செரப்' என அதே மொழிபெயர்ப்பாளர் செம்மையாகவே எழுதியுள்ளனர். எனினும் 'ஈம்' என்பது ஆங்கிலேயர் செவிக்குப் பன்மையாக ஒலிக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் 'செரூபின்' என்பது ஒருமையாகவே வருகின்றது. 1885இல் முற்றுப்பெற்ற திருத்திய மொழிபெயர்ப்பே அந்த 'ஸ்' விகுதியை நீக்கிற்று. இன்றைய ஆங்கிலத்தில் திருமறையின் உயிர்கள் 'செரூபிம்'. ஓவியங்களிலுள்ள சிறகுடைய குழந்தைகள் 'செரப்ஸ்'. வடிவம் இரண்டானபோது பொருளும் இரண்டாயிற்று.

பிறமொழிச் சொற்களுக்கே இந்நிலை என்றும் எண்ணலாகாது. 'சைல்ட்' என்னும் தூய ஆங்கிலச் சொல் முன்னர் 'சில்டர்' எனப் பன்மையாயிற்று. அப்பன்மை மங்கிய பின் வேறொரு விகுதியும் ஏற்று 'சில்ட்ரன்' ஆயிற்று. 'பிரதர்' என்பதற்கோ 'பிரெதரன்', 'பிரதர்ஸ்' என இரு பன்மைகள் நின்றன. 1611ஆம் ஆண்டு வேதாகமம் மத்தேயு 13:55இல் இயேசுவின் சகோதரரையும், ரோமர் 12:1இல் சபையாரையும் 'பிரெதரன்' என்றே அழைத்தது. 1946இல் வெளிவந்த திருத்திய நியமப் புதிய ஏற்பாடு முன்னவரைப் 'பிரதர்ஸ்' என்றும், பின்னவரைப் பழையபடி 'பிரெதரன்' என்றும் பிரித்தது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பு, பவுல் விளித்த சபையில் பெண்களும் இருந்தமை விளங்குமாறு, ரோமர் 12:1இல் சகோதரிகளையும் சேர்த்து மொழிந்தது. பன்மைச் சொல் ஒன்றைத் தெரிந்தெடுப்பது, யார் யாரை அழைக்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது.

நம்மிடமும் இவ்வரலாறு உண்டு. பழந்தமிழில் 'அவர்' பலர்பால். அது ஒருவரை மதித்துரைக்கும் சொல்லாகியபின், பலரைக் குறிக்க 'அவர்கள்' என்றோம். நாள்தோறும் இரட்டைப் பன்மையைத் தயங்காது வழங்கும் நாம், 'கேருபீன்கள்' என்பதை மட்டும் பிழையென்று தள்ளுவது முறையாகுமோ?

மூலமொழியின் வடிவத்தை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் முந்தையோரின் சொல்லைக் குறைகூறுமுன், அது யாருடைய செவிக்காக அமைக்கப்பட்டது என்றும் கேட்டல் நலம். சபையார் ஒன்றையன்று, பலவற்றையே கேட்டனர். அவ்விடத்தில் அந்தக் 'கள்' தன் பணியைச் செய்துவிட்டது.