கருப்பையிடம் கேட்ட கேள்விகள்

காந்திபுரத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் போனாலும் அந்தப் பலகை கண்ணில் படும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது. சொல்வது சட்டப்படி குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டவைத்த பலகை அது. அந்த ஒரு கேள்வியை அவ்வளவு விடாமல் கேட்டிருக்கிறோம். அதே கருவியிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: பிறந்ததும் இந்தக் குழந்தையால் மூச்சுவிட முடியுமா?

எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் தொல்காப்பியர், காற்று கொப்பூழிலிருந்து கிளம்புவதாகத் தொடங்குகிறார். வகுப்பில் அந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கருக்குழந்தைதான் நினைவுக்கு வரும். அதற்கு ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாகத்தான் வருகிறது. பிறந்த சில நொடிகளில் நுரையீரல் விரிந்து அந்த வேலையை ஏற்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அது ஏன் முடியாமல் போகிறது என்பதை 1959இல் ஜெரி மீடுடன் சேர்ந்து விளக்கியவர் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர். நுரையீரலின் நுண்ணறைகள் ஈரப் பாலிதீன் பைபோல ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அது போதவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1958இல், கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவரது குழுவினரும் வயிற்றுக்குள் இருப்பதை ஒலியலையால் படம்பிடித்த ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கும் முன்பு டொனால்டு செய்துகொண்டிருந்தது பச்சிளங்குழந்தைகளுக்கான சுவாசக் கருவி. ஸ்கேனின் கதையிலேயே குழந்தையின் மூச்சு இருக்கிறது.

1971இல் அமெரிக்காவில் லூயிஸ் கிளக், பனிக்குட நீரைச் சோதித்து நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று அறியும் வழியைச் சொன்னார். அந்தப் பத்தாண்டின் நடுவில் டெல்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பிறவிக் குறைகளைக் கண்டறிய அதே நீரை எடுத்தார்கள். விரைவில் அது பெண் கருவைக் கண்டறியும் வழியாக மாறியது. ஊசியும் அதுதான், நீரும் அதுதான். கேள்வி மட்டும் வேறு. ஸ்கேன் பரவியதும் அந்த ஊசிகூடத் தேவைப்படவில்லை. நம் கொங்குநாட்டுச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் அம்மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள்.

இதில் நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்று உண்டு. கருவில் பெண்ணின் நுரையீரல்தான் ஆணுடையதைவிடச் சற்று முன்பே முதிர்கிறது. குறைமாதத்தில் பிறந்தால் மூச்சுக்கு அதிகம் திணறுவது ஆண் குழந்தை. வாழ முந்தித் தயாரானவளைத்தான் தேடித்தேடி அழித்திருக்கிறோம்.

இப்போது படமே நுரையீரலைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறது. பார்சிலோனாவில் எலிசெண்டா போனெட் கார்னே, மொன்சே பலாசியோ உள்ளிட்டோர், நுரையீரல் ஸ்கேன் படத்தின் சாம்பல்நிற இழைமத்தைக் கணினியால் அளந்து, பிறந்தபின் மூச்சுச் சிக்கல் வருமா என்று கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 730 படங்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 86 விழுக்காடு சரியாக இருந்தது. ஆனால் ஆபத்து என்று அது சொன்னவற்றில் பாதிதான் உண்மையாயின. எனவே இது மருத்துவருக்கு ஒரு துணை, தீர்ப்பு அல்ல. ஆனாலும், 1972இல் லிகின்ஸும் ஹோவியும் பயன்காட்டிய ஸ்டீராய்டு ஊசி எந்தத் தாய்க்குத் தேவை, யாரைப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், யாருக்குப் பிரசவத்தைத் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்க இது உதவக்கூடும்.

தள்ளிப்போடுவது என்பது நம் வீடுகளில் லேசான காரியமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். நாளும் நட்சத்திரமும் பார்த்து அறுவை நேரம் குறிக்கும் குடும்பங்களை நாமெல்லாம் அறிவோம். தக்க காரணமின்றி 39 வாரத்துக்கு முன்பே அறுத்தெடுத்தால் குழந்தைக்கு மூச்சுச் சிக்கல் கூடும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது.

ஸ்கேனுக்கு முன் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள், ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்று. பல வேளைகளில் அதை அறியத் துடித்தது அவள் அல்ல, வீடு. இனி அவளே கேட்கட்டும்: “டாக்டர், என் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்துவிட்டதா? இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம்?” அதற்கான பதிலை, உடன்வந்தவரிடம் அல்ல, அவளிடம் சொல்லுங்கள்.