சிங்கப்பூரில் பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கும் ஜெயில்

தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து கட்டிட வேலை, ஷிப்யார்டு வேலைக்கு சிங்கப்பூர் போகிறவர்கள் ஏராளம். "டூரிஸ்ட் விசாவில் போ, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பி பணத்தைக் கொடுக்கக் கூடாது.

அங்கே பெர்மிட் இல்லாத வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 5 ஆயிரம் முதல் 30 ஆயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். வேலை பார்த்தவரும் தப்ப முடியாது. அவருக்கு 20 ஆயிரம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை ஜெயில்.

பெர்மிட்டில் எந்த கம்பெனியோ அங்கேதான் வேலை. லீவு நாளில் வேறு கடையில் பாத்திரம் கழுவினாலும் குற்றம்தான்.

அரசுக்கு கட்டும் லெவி முதலாளி பொறுப்பு. அதை சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுக்க தொழிலாளியிடம் காசு கறப்பதும் அங்கே குற்றம்.

ஊரை விட்டு கிளம்பும் முன்பே ஐ.பி.ஏ. கடிதம் கைக்கு வர வேண்டும். தொழிலாளிக்கு புரிகிற மொழியில் அடிப்படை சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பிளைட் ஏற வேண்டும்.