கழுத்து நாடி ஸ்டென்ட் சிகிச்சையின் பாதுகாப்பு: யாழ்ப்பாணக் குடாநாட்டு நோக்கில்

கழுத்து நாடி ஸ்டென்ட் என்பது, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் நாடி கொழுப்புப் படிவால் ஒடுங்கிய இடத்தில் உலோக வலைக்குழாய் ஒன்றை வைத்து விரிக்கும் சிகிச்சை. பாரிசவாதத்தைத் தடுப்பதற்காகச் செய்யப்படும் இச்சிகிச்சை, செய்யும் வேளையிலேயே பாரிசவாதத்தை உண்டாக்கவும் கூடும். இதன் பாதுகாப்புப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த முரணைச் சுற்றியே நடந்துவருகிறது. குடாநாட்டில் வாழ்பவருக்குத் தூரமும் நாள்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன.

ஒடுக்கமும் அறிகுறிகளும்

தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரு பக்கமும் கரோட்டிட் நாடி இரண்டாகப் பிரிகிறது. படிவு சேர்வது பெரும்பாலும் அந்தக் கவட்டில்தான். நாடி முற்றாக அடைபடுவதை விட, படிவிலிருந்து உடைந்த துணுக்கோ குருதிக்கட்டியோ மேலே போய் மூளையின் சிறு குழாயை அடைப்பதே வழமையான ஆபத்து. சில வேளை அது தானே கரைந்துவிடும். அப்போது ஒரு பக்கக் கை வழங்காமல் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் இருளுவது எல்லாம் சில நிமிடங்களில் வந்து மறையும். இதுதான் சிறு பாரிசவாதம். தலைச்சுற்று மட்டும் வந்தால் கழுத்து நாடியைக் குறைசொல்ல முடியாது.

உயர் குருதியமுக்கம், சலரோகம், கொலஸ்திரோல், புகைத்தல் ஆகியவை முதன்மைக் காரணங்கள். புகையிலை குடாநாட்டின் பழைய பணப்பயிர். யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தென்னிலங்கை வரை சந்தை இருந்தது. விளைநிலத்துக்கு நல்லதாக இருந்தது நாடிக்கு நல்லதாக இருக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தெற்காசியரிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் நாடிகள் ஒடுங்குவது வெள்ளையரை விடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே பாரிசவாதம் வந்த எல்லோருக்கும் கழுத்தில்தான் கோளாறு என்று கொள்ளக்கூடாது. டொப்ளர் ஸ்கான் செய்துதான் தெளிய வேண்டும்.

சிகிச்சை நடக்கும் விதம்

ஸ்டென்டுக்கு முன்பிருந்தே உள்ள மாற்று, கழுத்தைத் திறந்து படிவை அகற்றும் சத்திரசிகிச்சை. மைக்கேல் டிபேக்கி இதை 1953இல் ஹூஸ்டனில் செய்தார். அடுத்த ஆண்டு லண்டன் சென்ற் மேரிஸ் வைத்தியசாலையில் நடந்த சத்திரசிகிச்சைதான் மருத்துவ உலகின் கவனத்தை இதன்பால் திருப்பியது. அறிகுறி காட்டிய, 70 சதவீதத்துக்கு மேல் ஒடுங்கிய நாடியில் இரண்டு ஆண்டுப் பாரிசவாத அபாயம் 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைவதை, 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வான நாசெட் காட்டியது. பலூன் வழிமுறையை 1970களின் இறுதியில் ஜெர்மனியின் கிளவுஸ் மத்தியாஸ் முன்னெடுத்தார். ஸ்டென்ட் பின்னர் வந்தது.

ஸ்டென்ட் வைக்கையில் நோயாளி பொதுவாக விழித்திருப்பார். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ நாடியைத் துளைத்து, மெல்லிய குழாயைப் பெருநாடி வளைவு வழியாகக் கழுத்துக்குச் செலுத்துவார்கள். ஒடுக்கத்துக்கு அப்பால் சிறு வடிகட்டி ஒன்று விரிக்கப்படும். உடையும் துணுக்குகளைப் பிடிப்பது அதன் வேலை. பிறகு ஸ்டென்ட், பலூன். பலூன் உப்பும் கணத்தில் நாடிப்பிரிவில் உள்ள அமுக்க உணரிகள் தூண்டப்பட்டு இதயத்துடிப்பு சட்டென்று இறங்கக்கூடும். அதனால் அற்றோபின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எதிர்ப்பக்கக் கையை மடக்கச் சொல்லி, பெயரைக் கேட்டு, மூளை நலமாக இருக்கிறதா என்று இடையிடையே பார்ப்பார்கள்.

வடிகட்டி வைத்தாலும் எல்லாத் துணுக்கும் அகப்படுவதில்லை. ஐரோப்பாவில் பெரும்பங்கு நடந்த ஐ.சி.எஸ்.எஸ். ஆய்வின் எம்.ஆர்.ஐ. பிரிவில், ஸ்டென்ட் வைத்தவர்களில் பாதிப்பேரின் மூளையில் புதிய சிறு சேதங்கள் தெரிந்தன. சத்திரசிகிச்சை பெற்றவர்களில் அது 17 சதவீதம். பெரும்பாலானோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. ஆயினும், “தையல் இல்லை, வடு இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை” என்ற எண்ணத்துக்கு இந்தப் படங்களே மறுப்பு.

ஆய்வுகள் சொல்வது

2006இல் வெளியான பிரான்சின் ஈவா-3எஸ் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முப்பது நாள்களுக்குள் பாரிசவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 9.6 சதவீதம், சத்திரசிகிச்சைக் குழுவில் 3.9 சதவீதம். அதே ஆண்டு வந்த ஜெர்மன் ஆய்வான ஸ்பேஸில் இரண்டும் ஏறக்குறைய சமம். 2,502 பேரைச் சேர்த்த அமெரிக்காவின் கிரெஸ்ட் ஆய்வு 2010இல் சற்றுச் சமநிலையான படத்தைத் தந்தது. சிகிச்சையை ஒட்டிய பாரிசவாதம் ஸ்டென்டில் கூடுதல் (4.1 சதவீதம், சத்திரசிகிச்சையில் 2.3), மாரடைப்பு சத்திரசிகிச்சையில் கூடுதல் (2.3 சதவீதம், ஸ்டென்டில் 1.1). அந்த ஆரம்ப நாள்களைத் தாண்டியவருக்கு ஸ்டென்ட் பல ஆண்டுகள் சத்திரசிகிச்சைக்கு நிகராகவே காக்கிறது.

வயது தனித்து நிற்கிறது. மூன்று ஐரோப்பிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 70 வயதுக்குக் குறைந்தவர்களில் 120 நாள் அபாயம் இரு சிகிச்சையிலும் சமம். 70ஐத் தாண்டியோரில் ஸ்டென்டுக்கு 12 சதவீதம், சத்திரசிகிச்சைக்கு 5.9. முதுமையில் பெருநாடி வளைந்து நெளிந்து சுண்ணம் படிந்திருக்கும். குழாய் உரசிக்கொண்டு போகும் வழியே ஆபத்தாகிவிடுகிறது. அறிகுறி வந்த முதல் வாரத்திலேயே ஸ்டென்ட் வைப்பதும் அபாயம் மிக்கது. ஆனால் அடுத்த பாரிசவாதம் வர வாய்ப்பு மிகுந்த காலமும் அதுவே. அதனால் அறிகுறி வந்த முதியவருக்கு, இரண்டு கிழமைக்குள் சத்திரசிகிச்சை என்பதே பொதுவான முதல் தெரிவு. முன்பு கழுத்தில் கதிர்வீச்சுப் பெற்றவர், ஒருமுறை வெட்டிய நாடி மறுபடி ஒடுங்கியவர், இதயம் பலவீனமானவர் ஆகியோருக்கு ஸ்டென்ட் பொருத்தமாக இருக்கலாம்.

அறிகுறியே இல்லாதவர்களின் கதை வேறு. 2025 நவம்பரில் வெளியான கிரெஸ்ட்-2 ஆய்வில், கடும் மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நான்கு ஆண்டு நிகழ்வு 6 சதவீதம், ஸ்டென்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 2.8 சதவீதம். ஸ்டென்டுக்குச் சாதகமான முடிவுதான். ஆனால் முதல் 44 நாள்களில் மருந்துக் குழுவில் எவருக்கும் எதுவும் நேராதபோது, ஸ்டென்ட் குழுவில் ஏழு பாரிசவாதங்களும் ஒரு மரணமும் நேர்ந்தன. அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட, பழகிய கைகளில்.

குடாநாட்டில்

பழகிய கை என்பதே யாழ்ப்பாணத்துக்கு முக்கியமான சொல். ஐரோப்பிய ஆய்வுகளில் ஆண்டுக்குச் சராசரி 5.6க்கு மேற்பட்ட ஸ்டென்ட் வைத்த வைத்தியர்களிடம் முப்பது நாள் அபாயம் 5.1 சதவீதம், 3.2 அல்லது அதற்கும் குறைவாக வைத்தவர்களிடம் 10.1. யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகை ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கழுத்து நாடி ஒடுங்கி, அறிகுறியும் காட்டி, ஸ்டென்டுக்கும் பொருந்துவோர் அதில் சிலரே. எல்லாம் யாழ் போதனா வைத்தியசாலைக்கே வரவேண்டும் என்ற விருப்பம் நியாயமானது. போருக்குள் வாழ்ந்த மக்களுக்கு அது வெறும் விருப்பமும் அல்ல. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டு நோயாளி கொழும்புக்குப் போகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்தார். ஆயினும் ஆண்டுக்கு ஓரிரு ஸ்டென்ட் வைக்கும் கூடம் ஒன்று பக்கத்தில் இருப்பதை விட, நிறையச் செய்யும் கூடம் 400 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில் இருப்பது பாதுகாப்பானது.

யாழ்ப்பாணத்திலேயே வேகமாக நடக்க வேண்டியது வேறு: சிறு பாரிசவாதம் வந்தவருக்கு அன்றோ மறுநாளோ டொப்ளர் ஸ்கான், உடனே அஸ்பிரின், ஸ்ரற்றின், அமுக்கக் கட்டுப்பாடு, ஒடுக்கம் தெரிந்தால் தாமதியாத பரிந்துரை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை வைத்தியசாலைகளுக்கு வருபவர் அங்கிருந்து யாழ் நகருக்கு அனுப்பப்படுவதில் ஒரு கிழமை போனால், கொழும்பில் எவ்வளவு தேர்ந்த கை இருந்தும் பயன் குறைவு. நெடுந்தீவுக்காரர் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவரின் பாதுகாப்பு ஊர்க் கிளினிக்கின் கையில் இருக்கிறது. அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்ந்து குறைந்தது நான்கு கிழமை. அதன்பின் ஒன்று ஆயுள் முழுதும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் குருதி உறையலாம். 2022 நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை நினைத்தால், முழுக் காலத்துக்குமான மாத்திரையைக் கையோடு கொண்டுவருவது நல்லது. ஒடுங்கியிருந்த நாடி திடீரென்று திறந்ததால் மூளைக்குள் குருதி மிகையாகப் பாய்ந்து, முதற் சில நாள்களில் ஒரு பக்கக் கடும் தலையிடி, வலிப்பு, அமுக்க உயர்வு ஆகியவை வரலாம். அது அரிது, ஆனால் மூளையில் குருதிக்கசிவு வரை போகக்கூடியது. இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும் முன் குருதியமுக்கம் நிலைப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும்.

1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலை 21 முதல் வடக்கிலும் இயங்குகிறது. கை வழங்காமல் போனதும் பேச்சுக் குழறியதும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அந்த இலக்கத்தை அழையுங்கள்.