கதவைத் திறந்த வீட்டார்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்தனர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டனர். ஆலயங்கள் பறிபோயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எம் மக்கள் நிலையான குருவானவரின்றியே செபித்து வந்தனர்.

1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு கதவைத் திறந்தவர்கள் தண்டனையை அறிந்தே திறந்தார்கள். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். திருப்பலி இரவிலே, வீடுகளிலே நடந்தது. 1689 நத்தார் இரவில் படையினர் புகுந்து, கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர், அடிகளார் தப்பினார். பின்னர் கண்டியிலும் அவர் சிறையிருந்தார். 1711இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருக்குக் கதவு திறந்த வீட்டார் பலரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. ஆயினும், கல்லூரிச் சிற்றாலயத்தில் பட்டப்பகலில், அச்சமின்றிச் செபமாலை சொல்லி வளர்ந்த நாம் அவர்களுக்கும் கடன்பட்டவர்கள். இந்த நூற்றாண்டு விழாவில் அவர்களையும் நன்றியோடு நினைவுகூருகின்றோம்.