குழந்தைகளின் வரலாற்றை யாருக்காக எழுதுகிறோம்?



தலித் இலக்கியம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று நாம் பலமுறை விவாதித்திருக்கிறோம். குழந்தைகளுக்கான எழுத்து குறித்து அந்தக் கேள்வியை அதிகம் எழுப்பியதில்லை. அதனால் இன்று ஓர் அமெரிக்க நாவலை எடுத்துக்கொள்கிறோம். கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டி. டெய்லர் இளையோருக்காக எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' 1976இல் வெளிவந்தது. 1977இல் நியூபெரி விருது பெற்றது.

கதை நடப்பது 1933இல், மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி விளையும் கிராமப்புறத்தில். வெள்ளை நிலவுடைமையாளர்களிடம் வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கிக் கிடக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு நடுவே, லோகன் குடும்பத்துக்கு 400 ஏக்கர் சொந்த நிலம் இருக்கிறது. பாதியை 1887இலும் மீதியை 1918இலும் தாத்தா வாங்கினார். வரியும் அடமானக் கடனும் கட்ட, அப்பா லூசியானாவில் ரயில்பாதை வேலைக்குப் போகிறார். கதையைச் சொல்பவள் ஒன்பது வயது கேஸி.

பள்ளி திறந்த முதல் நாள் கேஸியின் ஆறு வயதுத் தம்பிக்குக் கிழிந்து அழுக்கேறிய பாடநூல் ஒன்று கிடைக்கிறது. உள்அட்டையில் அந்தப் புத்தகம் யார் யார் கைக்குப் போனது, எந்த நிலையில் இருந்தது என்ற பட்டியல். பதினோரு முறை வெள்ளைக் குழந்தைகளிடம் இருந்துவிட்டு, மிக மோசமான நிலைக்கு வந்த பிறகு, பன்னிரண்டாம் முறை கறுப்பினக் குழந்தைக்கு வருகிறது. சிறுவன் அதைத் தரையில் எறிகிறான்; அடி வாங்குகிறான். அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அம்மா பட்டியலின் மேல் தாள் ஒட்டி மறைக்கிறார். பின்னர் பாடநூலில் இல்லாத அடிமைமுறை வரலாற்றைக் கற்பித்ததும் அவர் வேலை பறிபோகிறது.

தனித்தனியாக வைத்தாலும் சமமே என்று 1896இல் ப்ளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சமத்துவத்தின் லட்சணம் இந்தப் பட்டியலில் தெரிகிறது. வாசிக்கும் குழந்தைக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை, புத்தகம் தெரியும்.

அந்தக் குழந்தை யார்? 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 குழந்தை நூல்களை ஆராய்ந்த நான்சி லாரிக், அவற்றில் 6.7 விழுக்காட்டில் மட்டுமே ஒரு கறுப்பினரேனும் இடம்பெற்றதாக 1965இல் எழுதினார். 1920-21இலேயே டுபாய்ஸும் ஜெஸ்ஸி ஃபாசெட்டும் கறுப்பினக் குழந்தைகளுக்காக 'தி பிரவுனீஸ் புக்' மாத இதழை நடத்தியிருந்தார்கள். அந்த வழியில் வந்தவர் டெய்லர். தந்தை சொன்ன குடும்பக் கதைகளில் தலைநிமிர்ந்து நின்ற மனிதர்களைப் பள்ளிப் பாடநூலில் காணாத குழந்தையாக வளர்ந்து, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கே எழுதினார். இழிசொல்லும் வன்முறையும் இருப்பதாகச் சொல்லி நாவலைப் பள்ளிகளிலிருந்து நீக்கக் கேட்டவர்கள் உண்டு. ஒன்பது வயதில் அனுபவிக்க நேர்வதை ஒன்பது வயதில் வாசிக்கக் கூடாதா என்பதே நம் கேள்வி.

1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் நம் அண்ணல் அம்பேத்கர். அவருடைய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலிலும் ஒன்பது வயதுக் குழந்தை வருகிறது: தந்தையைக் காணக் கோரேகானுக்குப் போகும் வழியில், தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழித்த சிறுவன் பீமராவ். தீண்டாமை நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை வெளிநாட்டவருக்குப் புரியவைக்கவே எழுதுவதாக அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்தச் சாட்சியம் தேவைப்பட்டது; இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் பிறருக்குச் சாட்சி சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடுமா?

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கை அளித்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் யாருக்குக் கிடைத்தது, எப்படிக் கைமாறியது என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பாடநூலுக்குத் தெரியாது. லோகன் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தம் நிலம் வாங்கிய ஆண்டு தெரியும்; அதைக் காக்க அப்பா எங்கே போனார் என்பதும் தெரியும். நம் சேரிப் பிள்ளைகளுக்கான நாவலை நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.